தாடிக்குள் கசிந்த காற்று

இன்று காலை புதுப் பெட்டி ஒன்றைப் பிரித்தேன். ஒட்டுத்தாளைக் கிழித்ததும் புது பிளாஸ்டிக் வாசனை முகத்தில் அடித்தது. மழைக்கோட்டும் புதுச் செருப்பும் கலந்தது போன்ற வாசனை. உள்ளே ஆம்புலன்சுக்கு வந்த மாஸ்க்குகள், சின்னது, நடுத்தரம், பெரியது என்று அடுக்கியிருந்தன. நீ இருந்திருந்தால் ஒவ்வொன்றாக எடுத்து, விளிம்பில் இருக்கும் காற்று மெத்தையை விரலால் அழுத்திப் பார்த்து, மூக்கருகே கொண்டுபோய் மோந்திருப்பாய். "மாம்பழம் மாரி மாமு. அமுக்கிப் பாக்காம எட்த்துனு போனா வூட்டுல ஒத வாங்கணும்" என்பாய்.

நீ போய் ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. உன்னிடம் சொல்ல வேண்டியவை சேர்ந்துகொண்டே இருக்கின்றன. பெரும்பாலும் புகார்கள்தான். உனக்குத் தெரியாததா.

முதல் புகார் உன்மேல்தான். கல்லூரி முடித்து, மயக்க மருந்து மேற்படிப்புக்கு இருவரும் கலந்தாய்வுக்குப் போனோம். வரிசையில் எனக்கு முன்னால் நீ. மிச்சமிருந்த கடைசி இடத்தை நீ எடுத்துக்கொண்டாய். கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பி, "ஸாரி மாமு, வெளிய வா, டீ சொல்றேன்" என்றாய். அந்த டீயை நீ கடைசிவரை சொல்லவில்லை. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் பிறந்து, குத்துச்சண்டை மேடையில் மூக்கை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, அதே கையோடு டாக்டரானவன் நீ. "முன்னாடி கையால தூங்க வெச்சேன். இனிமே ஊசியால தூங்க வெக்கிறேன். அவ்ளோதான் வித்தியாசம்" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாய். உன்னோடு கோபமாக இருப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அன்றே எனக்குத் தெரிந்துபோயிற்று.

பல வருடம் கழித்து, கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சின்ன ஆஸ்பத்திரியில் இருவரும் மறுபடி ஒன்று சேர்ந்தோம். நீ ஆபரேஷன் தியேட்டரில், நான் அவசரப் பிரிவில். கண்காணிப்பாளர் நாற்காலி காலியானபோது அது எனக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. கல்லூரியில் எனக்குப் பல வருடம் இளையவர், அறக்கட்டளைத் தலைவருக்கு உறவுக்காரர், வந்து உட்கார்ந்தார். அவர் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கும்வரை முகத்தில் கத்தி படக் கூடாது, அவரோடு ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று அன்றே முடிவெடுத்தேன். தாடி நன்றாக வளர்ந்தது. என் வாழ்க்கையில் தடங்கல் இல்லாமல் வளர்ந்தது அது ஒன்றுதான்.

பேசாமல் வேலை நடக்காதே. அதற்கு நீ இருந்தாய். அவர் எதிரிலேயே நிற்பார். நான் உன்னைப் பார்த்து, "சக்ஷன் மெஷின் ரிப்பேர் என்று அவரிடம் சொல்" என்பேன். நீ அவர் பக்கம் திரும்பி, "சார், டாக்டர் இன்னா சொல்றார்னா, நீங்க இன்னைக்கு போட்டுகினு வந்திருக்கிற சட்டை ரொம்ப நல்லாக்கீதாம். அப்பறம் சக்ஷன் மெஷின் அவுட்டாம்" என்பாய். அவர் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொள்வார். மெஷின் அன்றே ரிப்பேருக்குப் போகும்.

ஆஸ்பத்திரிக்குப் புது ஆம்புலன்ஸ் வாங்கினார்கள். துறைமுகத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர்வரை கண்டெய்னர் லாரிகள் ஓடும் சாலைக்கு அப்படி ஒரு வண்டி வேண்டித்தான் இருந்தது. மூச்சுக்கும் ஆக்சிஜனுக்கும் வேண்டிய சாமான்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நம் இருவருக்கும் வந்தது. நான் புத்தகங்களைப் புரட்டி, உலகத்தில் உள்ள நல்ல கருவிகள் எல்லாம் இடம்பெறும்படி ஓர் ஏற்பாட்டோடு வந்தேன். நீ அதைப் படிக்கக்கூட இல்லை. "புக்கு குலுங்காது மாமு. வண்டி குலுங்கும்" என்றாய். கம்பெனிக்காரர்கள் பார்வைக்குக் கொடுத்த சாமான்களையெல்லாம் வண்டியில் ஏற்றி, என்னை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து வாரைக் கட்டினாய். டிரைவர் தேவராஜிடம், "நைனா, ரோடு எங்க ரொம்ப பேஜாரா கீதோ அங்க வுடு" என்றாய்.

அவன் எண்ணூர் நெடுஞ்சாலையில் விட்டான். லாரிகள் வரிசைகட்டி நிற்க, மிச்சமிருந்த பள்ளங்களில் நம் வண்டி ஏறி இறங்கியது. நீ ஒரு கையால் மேலே இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஒவ்வொரு கருவியையும் எடுத்து வேலை செய்து பார்த்தாய். திரையில் தொண்டையைக் காட்டும் கருவி சறுக்கி என் வயிற்றில் விழுந்தது. "தியேட்டர்ல இது ராஜா. இங்க ஒனக்கு அடிபட்டதுதான் மிச்சம்" என்று ஓரமாக வைத்தாய். பை தொங்கும் ஆக்சிஜன் மாஸ்க் நன்றாக நின்றது. ஆனால் பை உப்பும்வரை அதை என் முகத்தில் வைக்க நீ சம்மதிக்கவில்லை. "பை ஊதாம மூஞ்சில வெச்சா, ஆள் உறிஞ்சறதுக்கு உள்ள இன்னா கீது? பிளாஸ்டிக் கவர கட்டிவுட்ட மாரிதான்." வாயில் தேங்கியதை உறிஞ்சி எடுக்க, மின்சாரத்தில் ஓடும் சக்ஷனோடு காலால் மிதிக்கும் சக்ஷனும் வேண்டும் என்றாய். "வாய் கலீஜா கெடந்தா காத்து எந்த வழியா போவும்? மொதல்ல பெருக்கு, அப்பறம் கோலம் போடு." சிலிண்டர் திறக்கும் சாவி எங்கேயோ உருண்டு போயிற்று. தேவராஜ் வண்டியை ஓரங்கட்டி, வலை கட்டும் நைலான் கயிற்றால் அதை சிலிண்டர் கழுத்திலேயே கட்டினான். அதுவும் தேர்வானது.

கடைசியாகக் கையால் அமுக்கும் காற்றுப் பை. மூச்சு நின்றுபோனவனுக்கு நாம் ஊதிக் கொடுக்கும் மூச்சு அதுதான். அதன் முனையில் உள்ள மாஸ்க் முகத்தோடு ஒட்டி உட்கார்ந்தால்தான் காற்று நெஞ்சுக்குப் போகும். தேவராஜின் மழித்த முகத்தில் எல்லா மாஸ்க்கும் உட்கார்ந்தது. உன் சாய்ந்த மூக்கில் பெரியது மட்டும் உட்கார்ந்தது. என் முகத்தில் எதுவும் உட்காரவில்லை. நீ அமுக்கினாய், தாடி பறந்தது. ஜெல்லி தடவிப் பார்த்தாய், ஒட்டும் தாளைச் சுற்றிப் பார்த்தாய். ஒரு பள்ளம் வந்ததும் எல்லாம் பிய்ந்துகொண்டு வந்தது. இரண்டு நாள் தாடியில் ஜெல்லி நாற்றம் போகவில்லை.

நீ சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். "டேய், நீ எங்கனா வுழுந்து மூச்சு நின்னா, நான் பக்கத்துலயே இருந்தும் ஒண்ணும் பண்ண முடியாது போலக்கீதே" என்றாய். பிறகு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாய். லாரி டிரைவர்கள், கிளீனர்கள், மசூதித் தெருப் பெரியவர்கள், வேண்டுதலுக்கு வளர்த்தவர்கள், வளர்க்க வேண்டும் என்று நினைக்காமலே வளர்ந்துவிட்டவர்கள். நம் பக்கத்தில் தாடிக்கா பஞ்சம். "பாதி ஏரியாவுக்கு இந்த மாஸ்க் ஆவாது" என்றாய்.

அதற்கு வழி இருந்தது. வாய்க்குள் நுழைத்தால் தொண்டையின் அடியில் மெத்தென்று உட்கார்ந்துகொள்ளும் குழாய். முகத்தைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. தியேட்டரில் நீ தினமும் போடுவது. குரல்வளைக்குள் குழாய் விடுவது போலப் பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டியதும் இல்லை. பழகிய கை என்றால் குலுங்கும் வண்டியிலும் போட்டுவிடலாம். எல்லா அளவிலும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம். கண்காணிப்பாளர் அதை அடித்துவிட்டார். மாஸ்க் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்டார். அதற்குப் பதில் பெரிய திரையுள்ள வென்டிலேட்டர் ஒன்றைச் சேர்த்திருந்தார். வண்டியைத் தொடங்கிவைக்கும் நாளில் படத்தில் நன்றாக விழும்.

"நான் போய்ச் சண்டை போடுகிறேன்" என்றேன்.

"எப்டி போடுவ? நீதான் பேச மாட்டியே. நான் போறேன். நீ வந்து படு, அது போதும்" என்றாய்.

ஆஸ்பத்திரி முற்றத்தில், வேப்பமரத்தடியில், ஊழியர்கள் எல்லோரும் பார்க்க ஸ்ட்ரெச்சரில் படுத்தேன். நீ அவரைக் கூட்டிக்கொண்டு வந்தாய். "சார், நீங்களே அமுக்கிப் பாருங்க. டாக்டர் மூச்சு இழுக்கறப்ப கூடவே மெதுவா" என்று பையை அவர் கையில் கொடுத்தாய். நான் வருடக்கணக்கில் பேசாமல் இருந்த மனிதரின் கை என் தாடையைத் தூக்கிப் பிடித்தது. மேலே அவர் முகம், தலைகீழாக. அமுக்கினார். காற்று முழுவதும் தாடி வழியாக இரண்டு காதுக்கும் போயிற்று.

"சார், காத்து வருதா?" என்று என்னைக் கேட்டார்.

நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு கையை மட்டும் இல்லை என்று ஆட்டினேன்.

இன்னும் இறுக்கிப் பிடித்தார். தாடி எழுந்து ஆடியது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவருக்கு நெற்றியில் வேர்த்தது. "வரலியே" என்றார், தனக்குத்தானே. நீ அவர் காதில் குனிந்து ஏதோ சொன்னாய். அவர் என் தாடியை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மாஸ்க்கை எடுத்தார். சாயங்காலத்துக்குள் குழாய்க்குக் கையெழுத்து வந்துவிட்டது. வென்டிலேட்டரையும் அவர் விடவில்லை. அது வேறு கதை, வேறு கோபம்.

வண்டி ஓடத் தொடங்கிக் கொஞ்ச நாளில் காசிமேட்டிலிருந்து அழைப்பு வந்தது. கான்டீனில் இருந்தோம். இருவரும் ஓடிப்போய் ஏறிக்கொண்டோம். கரைக்கு வந்த விசைப்படகில் மீன் அறையைக் கழுவ ஒருவன் இறங்கியிருக்கிறான். அடியில் அழுகிய மீனும் ஐஸ் தண்ணியும் கிடந்து விஷவாயு நிறைந்திருந்தது. இறங்கியவன் அப்படியே சரிந்துவிட்டான். கூட இருந்தவன் குதிக்கப் போனதை மற்றவர்கள் பிடித்து நிறுத்தி, கொக்கியும் கயிறும் போட்டு அவனைத் தூக்கியிருந்தார்கள். நாம் போனபோது ஈரத் தரையில் கிடந்தான். பெயர் சேவியர். நாடி இருந்தது. மூச்சு இல்லை. முகம் முழுக்கத் தாடி, நெஞ்சுவரைக்கும்.

நீ வாயைச் சுத்தம் செய்தாய். நான் மாஸ்க்கை வைத்துப் பையை அமுக்கினேன். காற்று கசிந்தது. நீ இரண்டு கையாலும் மாஸ்க்கை இறுக்கித் தாடையைத் தூக்க, மறுபடி அமுக்கினேன். நெஞ்சு அசையவில்லை. உதடு நீலமாகிக்கொண்டே வந்தது. முற்றத்தில் எனக்கு வராத காற்று இவனுக்கும் வரவில்லை. ஒரே வித்தியாசம், எனக்கு என் சொந்த மூச்சு இருந்தது.

"தேவராஜ், ரேசர் எடு" என்று கத்தினேன்.

மீன் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்த சேவியரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சார், தாடில கை வெக்காதீங்க சார். வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகினு வளக்கிறான். அங்க போய்த்தான் சார் எடுக்கணும். அத்த எடுத்துட்டா அவ கைவுட்ருவா சார்."

நீ தலையைத் தூக்கவே இல்லை. மருந்துப் பையிலிருந்து குழாயை எடுத்து, உறையைக் கிழித்து, ஜெல்லியைத் தடவிக்கொண்டே பேசினாய். "எம்மா, தாடி அங்கயே கெடக்கட்டும். நாங்க அதுக்குக் கீழ போறோம்."

குழாய் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. மாஸ்க்கைக் கழற்றிவிட்டுப் பையை அதில் மாட்டினேன். அமுக்கினேன். நெஞ்சு ஏறியது. கையில் இருந்த பை திடீரென்று கனமானது போல, உள்ளே ஒருவன் இருக்கிறான் என்பது போல இருந்தது. அந்த உணர்வை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. ஆஸ்பத்திரி வரும்வரை அமுக்கிக்கொண்டே வந்தேன். உதடு நிறம் மாறியது. இரண்டு நாள் வென்டிலேட்டரில் கிடந்து, மூன்றாம் நாள் கண் திறந்து, தாடியைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

அன்று சாயங்காலம் கான்டீனில் ஆறிப்போன வடையைத் தின்றுகொண்டே என்னைப் பார்த்தாய்.

"அவன் தாடி மாதாவுக்கு. உன்து யாருக்கு மாமு?"

நான் வடைத் தட்டை உன் பக்கம் தள்ளினேன்.

"ஒரு சூப்ரண்டுக்கு. தாடி வளக்கறதுக்கு ஒரு ஸ்டேண்டர்ட் வேணாமா?"

எனக்குக் கோபம் வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. சிரிப்புதான் முதலில் வெளியே வந்தது. அதற்காகவும் உன்மேல் ஒரு கோபம் உண்டு.

வேளாங்கண்ணித் திருவிழா முடிந்து அவசரப் பிரிவில் ஒரு மொட்டைத்தலை வந்து நின்றது. முகமும் வழவழவென்றிருந்தது. "இன்னாபா, இன்னா பண்ணுது?" என்று கேட்டாய். "ஒண்ணும் பண்ணல சார். வஞ்சிரம் கொண்டாந்தேன்" என்றான் சேவியர். நம் இருவருக்கும் அவனை அடையாளம் தெரியவில்லை. மீனில் பெரிய பங்கை நீ எடுத்துக்கொண்டாய். நான் மறக்கவில்லை.

பிறகு உனக்கு வந்தது. நுரையீரலில், கண்டுபிடிக்கும்போதே எல்லா இடத்துக்கும் போயிருந்தது. நம் ஆஸ்பத்திரியிலேயே, ஜன்னலோரக் கட்டிலில் படுத்துக்கொண்டு, உனக்கான ஆக்சிஜனையும் நீயே தேர்ந்தெடுத்தாய். மூக்கில் மாட்டும் குழாய் உன் சாய்ந்த மூக்கில் நிற்காமல் நழுவியது. அளவு போதவில்லை, மாஸ்க் போட வேண்டும் என்று நான் சொன்னேன். எண்களைக் காட்டினேன். நீ ஒத்துக்கொள்ளவில்லை.

"மாஸ்க் போட்டா பேச முடியாது மாமு. நான் பேசலன்னா நீ யார் மேல கோவப்படுவ?"

பிளாஸ்திரி வெட்டி இரண்டு கன்னத்திலும் ஒட்டி, அந்தக் குழாயை நானே நிறுத்திவைத்தேன். எது சரியான கருவி என்று நான் படித்த பாடத்தில் அந்தக் காரணம் இல்லை. ஆனால் நீ தேர்ந்தெடுத்தது சரி. கடைசிக்கு முந்தின நாள்வரை பேசினாய். தேவராஜின் பெண்ணுக்கு வந்த வரனைப் பற்றி, கான்டீன் சாம்பாரைப் பற்றி, என் தாடியில் வெள்ளை அதிகமாகிவிட்டதைப் பற்றி. தேவைப்பட்ட மூச்சைவிடக் கொஞ்சம் குறைவாக எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பேச்சுக்கு வைத்துக்கொண்டாய்.

இப்போது செய்திக்கு வருகிறேன். கண்காணிப்பாளர் போன வாரம் பதவிக்காலம் முடிந்து நாற்காலியை விட்டு எழுந்தார். அவருக்கு மாலை போட்ட கூட்டத்துக்கு நான் போகவில்லை. கூட்டம் முடிந்து அவரே என் அறை வாசலில் வந்து நின்றார்.

"இனிமே எடுத்துடலாமே சார்" என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"அன்னைக்கு மரத்தடியிலயே உங்க பிரண்டு என் காதுல சொல்லிட்டார். 'சார், இந்தத் தாடி உங்க சேருக்கு வளத்தது. அதனால இதுக்கு நீங்கதான் குழாய் வாங்கித் தரணும்'னு. எனக்கு இன்னும் ஒரு வருஷம் நீட்டிப்பு தரோம்னு சொன்னாங்க சார். உங்க முகத்தை நெனச்சேன். வேணாம்னுட்டேன்."

வழக்கம்போல உன் பக்கம் திரும்பினேன். இடையில் நின்று எடுத்துச் சொல்ல நீ இல்லை. அவர் வாசலில் காத்திருந்தார், மாலை வாசனையோடு, கையில் யாரோ கொடுத்த சுவர்க் கடிகாரத்தோடு. வேறு வழியில்லை.

"உட்காருங்க" என்றேன்.

உட்கார்ந்தார். உன்னைப் பற்றித்தான் பேசினோம். அவருக்கும் உன்மேல் நிறைய புகார்கள் இருக்கின்றன.

மறுநாள் சவரக்கடைக்குக் கிளம்பி, பாதி வழியில் வேறு வேலை என்று திரும்பினேன். அடுத்த நாளும் அப்படியே. இன்று பெட்டியைப் பிரித்தேன். ஆம்புலன்சுக்குப் புதிதாக மாற்றப்பட்டிருக்கும் ஸ்டெல்லா சிஸ்டரைக் கூப்பிட்டேன். நம் வயது, ராயபுரத்துக்காரி, பிரசவ வார்டில் பல வருடம் அதட்டிப் பழகிய குரல். வண்டிக்குள் படுத்துக்கொண்டு கண்ணை மூடினேன்.

"சிஸ்டர், எனக்கு மூச்சு இல்லை. காத்து குடுங்க" என்றேன்.

"இந்தத் தாடிய வெச்சிகினு சோறே எப்டி எறங்குதுன்னு தெரில. இதுல காத்து வேற" என்றுகொண்டே மாஸ்க்கை வைத்தார். அமுக்கினார். காற்று காதுக்குப் போயிற்று. பெரிய மாஸ்க்கை எடுத்தார். தேவராஜைக் கூப்பிட்டு இரண்டு கையாலும் பிடிக்கச் சொன்னார். கசிந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு உறை கிழியும் சத்தம் கேட்டது. யாரும் சொல்லாமலே குழாயை எடுத்துவிட்டார். எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம். ஜெல்லி தடவிய குழாய் என் உதட்டில் பட்டபோதுதான் அவர் நிஜமாகவே போடப் போகிறார் என்று புரிந்தது. எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

"சிஸ்டர், முழிச்சிருக்கிற ஆளுக்கு அதைப் போடக் கூடாது. வாந்தி வந்துடும்."

"முழிச்சா இருந்தீங்க? வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசல. ஆள் போயிட்டார்னு நான் மாதாவ வேற கூப்ட்டுட்டேன்."

தேவராஜ் வண்டியின் படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான். நானும் சிரித்தேன். நீ போன பிறகு இந்த வண்டிக்குள் அவ்வளவு சத்தம் கேட்டது இதுதான் முதல் தடவை.

தாடியை எடுக்கவில்லை. நாளைக்கு அடுத்த ஷிப்டு ஆட்கள் வருகிறார்கள். புத்தகம் படித்தவர்கள், கை சுத்தமானவர்கள், வழித்த முகத்தில் பழகியவர்கள். இந்த ரோட்டுக்குப் போகும் முன்னால் எல்லோரும் ஒரு தடவை என் முகத்தில் தோற்றுவிட்டுப் போகட்டும்.